சட்டைவா, சட்டைவஸ், சட்டைவம்: நெல் முதல் குங்குமப்பூ வரை கூடவே வரும் லத்தீன் சொல் (கேள்வி பதில்)

தாவரவியல் படிக்கிறவர்கள், நாட்டு மருந்து வாங்குகிறவர்கள், கிரீம் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நெல்லின் அறிவியல் பெயரில் அது 'சட்டைவா'. பூண்டில் 'சட்டைவம்'. வெள்ளரியில் 'சட்டைவஸ்'. கேட்கப்பட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியதிலிருந்து சிக்கலானது வரை தொகுத்திருக்கிறோம்.

சட்டைவா என்றால் என்ன அர்த்தம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

'மனிதர் விதைத்தோ நட்டோ வளர்ப்பது' என்று பொருள். லத்தீனில் இது ஒரு பெயரடை. தானாக முளைப்பதிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதுதான் இதன் வேலை. அதற்கு மேல் எதையும் இந்தச் சொல் சொல்லவில்லை. சத்தானது, சுத்தமானது, உயர்ந்த ரகம் என்றெல்லாம் இதற்குள் பொருள் தேட வேண்டாம்.

ஒரே சொல்லை நெல்லுக்கு சட்டைவா, பூண்டுக்கு சட்டைவம், வெள்ளரிக்கு சட்டைவஸ் என்று எழுதுகிறார்களே, எழுத்துப்பிழையா?

பிழை இல்லை. மூன்றும் ஒரே சொல்தான். தமிழில் 'நல்ல' என்ற சொல் மாறாது: நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம். வினைமுற்றுதான் மாறும்: வந்தான், வந்தாள், வந்தது. லத்தீனில் பெயரடையே இப்படி மாறும். அது சார்ந்து நிற்கும் பெயர்ச்சொல் ஆண்பாலானால் சட்டைவஸ், பெண்பாலானால் சட்டைவா, இரண்டுமில்லாத பொதுப்பாலானால் சட்டைவம்.

அறிவியல் பெயரில் முதலில் வருவது பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள செடிகளின் கூட்டத்துக்கான பெயர். அது பெயர்ச்சொல். இரண்டாவதாக வரும் அடைமொழி பெயரடையாக இருந்தால், பேரினத்தின் பாலுக்கு ஏற்றபடிதான் முடிய வேண்டும். ஒரைசா பெண்பால், ஆகவே நெல் ஒரைசா சட்டைவா. அல்லியம் பொதுப்பால், ஆகவே பூண்டு அல்லியம் சட்டைவம். குகுமிஸ் ஆண்பால், ஆகவே வெள்ளரி குகுமிஸ் சட்டைவஸ்.

பால் என்றால், செடியில் ஆண் பூ பெண் பூ பார்த்தா முடிவு செய்கிறார்கள்?

செடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது சொல்லின் பால். தமிழில் பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் சொல்கிறோம், அதனால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. லத்தீனில் மேசைக்கும் கல்லுக்கும்கூட ஒரு பால் உண்டு. அதைப் பொருளை வைத்து ஊகிக்க முடியாது.

பேரினப் பெயரின் கடைசி ஒலி பெரும்பாலும் வழிகாட்டும். 'அஸ்' என்று முடிந்தால் ஆண்பால்: குங்குமப்பூ குரோக்கஸ் சட்டைவஸ், முள்ளங்கி ராஃபனஸ் சட்டைவஸ். 'ஆ' என்று முடிந்தால் பெண்பால்: கருஞ்சீரகம் நைஜெல்லா சட்டைவா, ஓட்ஸ் அவீனா சட்டைவா, லெட்யூஸ் கீரை லாக்டுகா சட்டைவா. 'அம்' என்று முடிந்தால் பொதுப்பால்: கொத்தமல்லி கோரியாண்ட்ரம் சட்டைவம்.

தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, 'இஸ்' என்று முடியும் பேரினங்கள். வெள்ளரியின் குகுமிஸ் ஆண்பால், கஞ்சாவின் கன்னாபிஸ் பெண்பால். ஒலியை வைத்துச் சொல்ல வழியில்லை, மனப்பாடம்தான். இரண்டாவது, 'அஸ்' என்று முடியும் மரப் பெயர்கள். பழைய லத்தீனில் மரங்களைப் பெண்பாலாகவே வழங்கினார்கள். அதனால்தான் அரச மரம் ஃபைகஸ் ரிலிஜியோசா, 'ரிலிஜியோசஸ்' அல்ல. முசுக்கொட்டை மோரஸ் ஆல்பா, 'ஆல்பஸ்' அல்ல. ஆனால் 'கார்ப்பஸ்' என்று முடியும் பேரினங்கள் கிரேக்கத்திலிருந்து வந்தவை, மரமே ஆனாலும் ஆண்பால்: பலா ஆர்ட்டோகார்ப்பஸ் ஹெட்டிரோஃபில்லஸ், செஞ்சந்தனம் டெரோகார்ப்பஸ் சந்தாலினஸ். மூன்றாவது, கிரேக்கச் சொல்லான 'நேமா'வில் முடிபவை. பார்வைக்குப் பெண்பால் போல இருந்தாலும் பொதுப்பால். சிறுகுறிஞ்சான் ஜிம்னேமா சில்வெஸ்டர் ஆனது அப்படித்தான்.

எப்படி உச்சரிப்பது? சட்டைவாவா, சதீவாவா?

இரண்டும் சரி. தமிழ்ப் பாடநூல்களில் பழகிய 'சட்டைவா' ஆங்கிலேயர் வழி உச்சரிப்பு. பழைய ரோமானியர் வாயில் அது 'சதீவா'வுக்கு அருகில் இருந்தது, கடைசி எழுத்து 'வா'வை உதடு குவித்துச் சொன்னார்கள். எந்த வழியில் சொன்னாலும் அழுத்தம் நடு அசையில் விழ வேண்டும், அந்த அசை நெடில் என்பதால். 'சாடிவா' என்று முதல் அசையை நீட்டுவதுதான் தவறு.

இது நம் 'சாத்வீகம்' தானே? சத்துவ குணமுள்ள உணவு என்று ஒரு வகுப்பில் சொன்னார்கள்.

இல்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே. 'சத்துவம்' வடமொழியில் 'இருத்தல்' என்ற பொருளுள்ள 'சத்' என்பதிலிருந்து வருகிறது. சட்டைவா லத்தீனின் 'செரேரே', அதாவது விதைத்தல் என்ற வினையிலிருந்து வருகிறது. அந்த வினையின் 'விதைக்கப்பட்ட' என்ற வடிவம் 'சதுஸ்'. அதன் அடிச்சொல்லோடு 'ஈவுஸ்' என்ற விகுதி சேர்ந்து இந்தப் பெயரடை பிறந்தது. அதே விகுதியை ஆங்கிலம் வழியாக நாம் தினமும் சொல்கிறோம்: பிறந்த என்பதிலிருந்து நேட்டிவ், பிடிபட்ட என்பதிலிருந்து கேப்டிவ். பூண்டையே சட்டைவம் என்கிறார்கள், பூண்டைச் சாத்வீக உணவில் சேர்ப்பவர் யாருமில்லை. அந்த விளக்கம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

'போதும்' என்ற பொருளுள்ள 'சதிஸ்' என்ற லத்தீன் சொல்லோடும் இதை முடிச்சுப் போடுகிறார்கள். அதுவும் வேறு வேர். அகராதியைத் திறப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லத்தீனில் 'செரேரே' இரண்டு உண்டு. ஒன்று விதைத்தல், மற்றது கோத்தல். 'சீரிஸ்' பிறந்தது கோத்தலிலிருந்து. நம் சொல் பிறந்தது விதைத்தலிலிருந்து. ஆங்கிலத்தில் பருவகாலத்தைக் குறிக்கும் 'சீசன்' இதே விதைத்தல் வேரில் வந்ததுதான்: விதைப்புக் காலம் என்பது மெல்லப் பருவம் என்றாகிவிட்டது. 'செமினார்' என்பதும் இதே குடும்பம், அதன் மூலப் பொருள் நாற்றங்கால்.

குங்குமப்பூச் செடியில் விதையே வராது என்கிறார்கள். அதற்கு எப்படி 'விதைக்கப்படுவது' என்று பெயர்?

நல்ல கேள்வி. குரோக்கஸ் சட்டைவஸ் மும்மடியம் கொண்ட செடி. எட்டு எட்டாக இரண்டு தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தொகுதி, ஆக 24 குரோமோசோம்கள். இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை பிடிப்பதில்லை. காஷ்மீரின் பாம்போரிலானாலும் ஸ்பெயினிலானாலும் மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கைப் பிரித்து நட்டால்தான் அடுத்த செடி. பூண்டும் ஏறக்குறைய அப்படித்தான். வயலில் பல் ஊன்றுகிறோம், விதை தூவுவதில்லை.

விடை 'செரேரே' என்ற வினையின் அகலத்தில் இருக்கிறது. ரோமானியர் தானியம் தூவுவதற்கும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள், கொடியும் மரமும் நடுவதற்கும் அதையே சொன்னார்கள். ஐரோப்பிய செஸ்நட் மரம் காஸ்டேனியா சட்டைவா ஆனதும் அதனால்தான். முதல் பதிலில் 'விதைத்தோ நட்டோ' என்று சொன்னது இதை மனதில் வைத்து. குங்குமப்பூ காட்டில் எங்கும் தானாக நிற்பதில்லை, மனிதக் கை நடாவிட்டால் அந்த இனமே இல்லை. எங்கள் பார்வையில் இந்தப் பெயர் மிகப் பொருத்தமாக அமைந்த செடி அதுதான்.

நாம் பயிரிடுவது எத்தனையோ இருக்க, எல்லாவற்றுக்கும் ஏன் இந்தப் பெயர் இல்லை?

பெயர் வைத்தவர் எதைக் கவனித்தாரோ அது பெயரானது, அவ்வளவுதான். தாவரப் பெயர்களின் தொடக்கப் புள்ளியாக இன்று ஏற்கப்பட்டிருப்பது ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ல் வெளியிட்ட பட்டியல். அவருக்கு முந்தைய மூலிகை நூலோர் ஒரு செடியின் வளர்ப்பு வகையையும் காட்டு வகையையும் பிரித்துச் சொல்ல சட்டைவா, சில்வெஸ்ட்ரிஸ் என்று இணையாக எழுதிவந்தார்கள். ரோமானிய அறிஞர் பிளினியிடமே இந்த இணை இருக்கிறது. லின்னேயஸ் அந்த வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் விவசாயிகள் பயிரிடும் இன்னொரு நெல் உண்டு, அதன் பெயர் ஒரைசா கிளாபெரிமா, 'மிகவும் வழுவழுப்பானது'. பயிர்தான், ஆனால் பெயரில் சட்டைவா இல்லை. ஆகவே அந்தச் சொல் இல்லாததால் பயிரல்ல என்று முடிவு கட்டக்கூடாது.

பயன்பாட்டைக் குறிக்கும் சகோதரச் சொற்கள் சில நம் அடுப்படியிலேயே உண்டு. கறிக்காய் வகையைக் குறிப்பது ஒலரேசியா: முட்டைக்கோஸ், பிராசிக்கா ஒலரேசியா. உண்ணத்தக்கது எஸ்குலென்டா: சேப்பங்கிழங்கு, கொலகேசியா எஸ்குலென்டா. வெண்டைக்காயில் அதுவே எஸ்குலென்டஸ் ஆகிறது. சமையலறைக்குரியது குலினாரிஸ்: மைசூர்ப் பருப்பு, லென்ஸ் குலினாரிஸ். மருந்துச் சரக்கறைக்குரியது அஃபிசினேல்: இஞ்சி, ஜிஞ்சிபர் அஃபிசினேல். கடைசி இரண்டும் வேறு வகைப் பெயரடைகள். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் 'இஸ்', பொதுப்பாலுக்கு 'ஏ' என்று இரண்டே முடிவுகள். ஜிஞ்சிபர் பொதுப்பால் என்பதால் அஃபிசினேல் என்கிறோம். கரும்பின் அஃபிசினாரம் பெயரடையே அல்ல, 'சரக்கறைகளின்' என்ற வேற்றுமை வடிவம், எந்தப் பேரினத்தோடு வந்தாலும் மாறாது.

அப்போது எதிர்ச்சொல் சில்வெஸ்ட்ரிஸா?

ஆம், 'காட்டு' என்று பொருள். ஈச்ச மரம் ஃபீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ். முன்பு சொன்ன சிறுகுறிஞ்சானும் இதே சொல்தான், பொதுப்பால் வடிவத்தில். தமிழில் நாம் இந்தப் பிரிவினையை வேறு வழியில் செய்கிறோம். பயிருக்கு வெறும் பெயர், காட்டில் இருப்பதற்குத்தான் முன்னொட்டு: பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை, காட்டாமணக்கு. பயிரைத் தனியாக அடையாளம் காட்டும் ஒரு சொல் நமக்குத் தேவைப்படவில்லை. அதனால் 'சட்டைவா'வைத் தமிழில் பெயர்க்கும்போது கை தடுமாறுகிறது. 'பயிர்' என்று முன்னால் சேர்ப்பதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது: பயிர் நெல், பயிர் ஓட்ஸ். வயலில் களையாக வரும் காட்டு ஓட்ஸுக்கு அவீனா ஃபட்டுவா என்று பெயர். ஃபட்டுவா என்றால் மதிகெட்டது, பயனற்றது. பெயர் வைத்த விவசாய நாட்டவரின் எரிச்சல் அதில் அப்படியே இருக்கிறது.

பெயரில் சட்டைவா இருந்தால் பயப்படாமல் சாப்பிடலாம், இல்லையா?

கூடாது. இந்தத் தவறான நம்பிக்கைதான் எங்களுக்கு மிகவும் கவலை தருவது. கேசரிப் பருப்பின் பெயர் லாத்திரஸ் சட்டைவஸ். காலங்காலமாகப் பயிரிடப்படுவது, வறட்சியையும் நீர் தேங்குவதையும் தாங்குவது. ஆனால் அதில் நரம்பைத் தாக்கும் ஒரு நச்சு அமினோ அமிலம் உண்டு. பஞ்ச காலத்தில் வேறு உணவில்லாமல் மாதக்கணக்கில் அதையே முக்கிய உணவாகத் தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கிப்போகும். முடங்கினால் மீளாது. லாத்திரிசம் என்ற நோய்ப் பெயரே அந்தப் பேரினத்திலிருந்து வந்தது.

துவரம்பருப்பிலும் கடலைமாவிலும் இதைக் கலப்படம் செய்வதுண்டு. பருப்பைத் தாம்பாளத்தில் பரப்பிப் பாருங்கள். துவரை உருண்டு குவிந்திருக்கும். கேசரி ஒரு பக்கம் சரிந்து, முனை கோணி, சின்ன ஆப்பு மாதிரி இருக்கும். மாவாகிவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கிரீம் டப்பாவில் 'சட்டைவா எண்ணெய்' என்று இருந்தது. அது எந்த எண்ணெய்?

அந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. ஒரைசா சட்டைவா என்றால் தவிட்டெண்ணெய். நைஜெல்லா சட்டைவா என்றால் கருஞ்சீரக எண்ணெய். கன்னாபிஸ் சட்டைவா என்றால் சணல் வகைக் கஞ்சாச் செடியின் விதை எண்ணெய். மூன்றுக்கும் நிறம், மணம், விலை, ஒவ்வாமை எல்லாம் வேறு. அடைமொழி தனியாக நின்றால் அது பெயரே அல்ல. 'சின்ன' என்று மட்டும் எழுதிய பாத்திரத்தில் வெங்காயம் இருக்கிறதா மீன் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? பேரினப் பெயர் அச்சிடாத டப்பாவை நம்பி வாங்காதீர்கள். குகுமிஸ் சட்டைவஸ் என்றிருந்தால் வெள்ளரிச் சாறு, அவீனா சட்டைவா என்றிருந்தால் ஓட்ஸ். இவை இரண்டும் முகப்பூச்சுகளில் அடிக்கடி தென்படும்.

கடையில் ஆளிவிதை கேட்டேன். ஒரு கடையில் லினம், இன்னொரு கடையில் லெபிடியம் சட்டைவம் என்று சீட்டு ஒட்டியிருந்தது. எது சரி?

இரண்டு வெவ்வேறு விதைகள் ஒரே தமிழ்ப் பெயரில் விற்கப்படுகின்றன. லினம் உசிட்டாடிசிமம் என்பது ஃப்ளாக்ஸ்: தட்டையாக, வழவழவென்று மின்னும், எள்ளைவிடப் பெரியது. லெபிடியம் சட்டைவம் என்பது வடக்கே ஹலீம் என்று சொல்வது: செம்பழுப்பு நிறம், எள்ளைவிடச் சற்றே ஒல்லி, முனை கூர். ஊறவைத்தால் இரண்டும் வழுவழுக்கும், ஆகையால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. வாங்கும்போதே லத்தீன் பெயரைக் கேளுங்கள், இல்லையென்றால் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருஞ்சீரகம் வாங்கும்போதும் இதே கவனம் தேவை. அதற்குப் பதிலாக வெங்காய விதை வந்துவிடுவதுண்டு, அது அல்லியம் சேப்பா.

கேரட் பெயரில் 'கரோட்டா' என்று பெண்பால் போல முடிகிறது. பின்னால் ஏன் 'சட்டைவஸ்'?

பயிர்க் கேரட்டின் முழுப் பெயர் டாக்கஸ் கரோட்டா, துணையினம் சட்டைவஸ். இங்கே கரோட்டா பெயரடை அல்ல, கேரட்டுக்கான பழைய பெயர்ச்சொல். பேரினத்தின் பக்கத்தில் அப்படியே வந்து நிற்கிறது, பால் மாறாது. துணையினப் பெயர் பெயரடையாக இருந்தால் அது பார்ப்பது பேரினத்தை மட்டும், நடுவில் நிற்பதை அல்ல. டாக்கஸ் ஆண்பால். ஆகவே சட்டைவஸ்.

கஞ்சாவில் சட்டைவா, இண்டிகா என்று பிரிக்கிறார்களே, ஒன்று பயிர், மற்றது காட்டுவகையா?

அப்படி இல்லை. லின்னேயஸ் 1753ல் கன்னாபிஸ் சட்டைவா என்றது ஐரோப்பாவில் நாருக்காக விதைத்த செடியை. 1785ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் இந்தியாவிலிருந்து வந்த செடியை கன்னாபிஸ் இண்டிகா என்று தனியாகப் பெயரிட்டார். இண்டிகா ஊரைச் சொல்கிறது, சட்டைவா வளர்ப்பைச் சொல்கிறது. இரண்டும் எதிர்ச்சொற்கள் அல்ல. ஒன்று கிளர்ச்சி தரும், மற்றது தூக்கம் தரும் என்ற பேச்சு வியாபாரிகளுடையது, இந்தச் சொற்களின் பொருளில் அதற்கு இடமில்லை.

பரீட்சையில் எப்படி எழுதினால் மதிப்பெண் குறையாது?

பேரினத்தின் முதலெழுத்து பெரியது, அடைமொழி முழுக்கச் சிறிய எழுத்து. அச்சில் சாய்வெழுத்து. கையால் எழுதினால் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு, ஒரே கோடாக இழுக்கக்கூடாது. பெயரிட்டவரின் சுருக்கத்துக்கும் 'துணையினம்' என்பதன் சுருக்கத்துக்கும் சாய்வு கிடையாது. அழகுசாதனப் பொருட்களில் அடைமொழிக்கும் பெரிய எழுத்து போடுவது அந்தத் துறையின் வழக்கம், விடைத்தாளில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

இரண்டாம் முறையிலிருந்து பேரினத்தை ஓரெழுத்தாகச் சுருக்கலாம். ஆனால் இந்தச் சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கில எழுத்து 'சி' போட்டு சட்டைவஸ் என்றால் வெள்ளரியா குங்குமப்பூவா என்று தெரியாது. 'சி' போட்டு சட்டைவா என்றால் கஞ்சாவா செஸ்நட்டா என்று தெரியாது. 'எல்' போட்டால் கேசரிப் பருப்பு, லெட்யூஸ், ஹலீம் மூன்றும் வரிசையில் நிற்கும். இவை மூன்றையும் கடைசி ஒலி பிரித்துக் காட்டிவிடும்: சட்டைவஸ், சட்டைவா, சட்டைவம். மேலே சொன்ன 'சி' ஜோடிகளைப் பிரிக்க அதுவும் உதவாது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் சுருக்காமல் எழுதுங்கள்.

பட்டாணி பைசம் சட்டைவம் என்று படித்தோம். இப்போது சில தரவுத்தளங்களில் லாத்திரஸ் ஒலரேசியஸ் என்று இருக்கிறதே?

மரபுக் கூறுகளை ஒப்பிட்டபோது பைசம் என்ற பேரினம் லாத்திரஸின் உள்ளேயே அடங்குகிறது என்று தெரிந்தது. ஆகவே சிலர் பட்டாணியை லாத்திரஸுக்கு மாற்றினார்கள். வழக்கமாக இப்படி மாற்றும்போது அடைமொழி கூடவே போகும், முடிவு மட்டும் புதிய பேரினத்தின் பாலுக்கு ஏற்ப மாறும். அந்தக் கணக்கில் பட்டாணி 'லாத்திரஸ் சட்டைவஸ்' ஆகியிருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் மேலே சொன்ன கேசரிப் பருப்பு 1753 முதல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே பெயரை இரண்டு செடிக்கு வைக்க விதி இடம் தராது. ஆகவே லாமார்க் பட்டாணிக்கு முன்பே வைத்திருந்த லாத்திரஸ் ஒலரேசியஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஒலரேசியா என்று முட்டைக்கோஸில் பார்த்த அதே சொல், ஆண்பால் வடிவத்தில். பாடநூல்களில் இன்னும் பைசம் சட்டைவம்தான் இருக்கிறது. தேர்வில் அதையே எழுதுங்கள், ஆய்வுக் கட்டுரையில் எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.